ரேகைக்கு நெறி வகுத்தவர்

கல்வராயன் மலைச் சிற்றூரினரும் கள்ளக்குறிச்சி நகரத்தினரும் பத்திரப் பதிவின்போது பெருவிரலை ஒற்றுவதைக் கண்டிருப்பீர்கள். ஒருவர் ரேகையைப் போன்று மற்றொருவர் ரேகை அமைவதில்லை. வாழ்நாள் முழுதும் அது மாறுவதுமில்லை. ஆயினும், பல்லாயிரம் ரேகைத் தாள்களுள் வேண்டிய ஒன்றைத் தேடி எடுப்பது எங்ஙனம்? இவ்வினாவிற்குக் கணிதத்தால் விடை கண்ட பெருமகனார் காஜி அசீசுல் ஹக்.

இவர் 1872ஆம் ஆண்டில், இன்றைய வங்காளதேசத்தின் குல்னாப் பகுதியில் தோன்றினார். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்றுச் சிறந்தார். வங்கக் காவல்துறைத் தலைவர் எட்வர்டு ஹென்றி கணிதம் வல்ல இளைஞர் ஒருவரை நாடியபோது, கல்லூரி முதல்வர் ஹக்கைப் பரிந்துரைத்தார்.

பழங்குற்றவாளி பெயரை மாற்றிக்கொண்டு வந்தால், அவனை அறிய அந்நாளில் உடலுறுப்புகளின் அளவுகளையே நம்பியிருந்தனர். அளப்பவர் மாறின் அளவும் மாறும். அதனால் குற்றவாளி தப்பலாம், குற்றமற்றவர் துன்புறலாம்.

ஹக் ரேகைகளை நுணுகி ஆராய்ந்தார். விரலில் சுழி உண்டு அல்லது இல்லை என இரண்டே நிலைகளைக் கொண்டார். ஒரு விரலுக்கு இரண்டு, இரு விரல்களுக்கு நான்கு, மூன்றிற்கு எட்டு எனப் பெருகி, பத்து விரல்களுக்கு 1024 வகைகள் ஆயின. வரிசைக்கு 32 அறைகளாக 32 வரிசைகள் அமைந்தன. ஓர் இலட்சம் தாள்களைச் சமமாகப் பங்கிட்டால், ஓர் அறைக்கு ஏறத்தாழ 98 தாள்களே வரும். ஆனால் இயற்கை சமமாகப் பங்கிடுவதில்லை. ஆதலின், தாள்கள் மிகுந்த அறைகளை ரேகைக் கோடுகளின் எண்ணிக்கையால் மேலும் பகுத்தனர். உடன் பணியாற்றிய ஹேமசந்திர போஸும் பெருந்துணை புரிந்தார்.

1897இல் கல்கத்தாவில் விரல்ரேகை அலுவலகம் அமைந்தது. அவ்வாண்டே ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொலையுண்டார். பஞ்சாங்கம் ஒன்றில் படிந்திருந்த இரத்த ரேகை, முன்னர்த் திருட்டிற்காகத் தண்டனை பெற்ற பணியாளனுடையது என அலுவலகம் கண்டது. 1898இல் வழக்குமன்றம் அவனைத் திருட்டிற்கே தண்டித்தது, கொலைக்குத் தண்டிக்கவில்லை. அவன் அங்கிருந்ததை ரேகை காட்டும். கொன்றதைக் காட்டாது அன்றோ?

1901இல் இலண்டன் காவல்துறையும் இம்முறையை ஏற்றது. உலகம் அதனை ஹென்றி முறை என்றே அழைத்தது. கணக்கை வகுத்தவர் பெயர் நெடுநாள் மறைந்து கிடந்தது. பின்னாளில் அரசு ஹக்கிற்குக் கான் பகதூர் பட்டமும் 5000 ரூபாயும் அளித்தது. 1935இல் அவர் பீகாரின் மோதிகாரியில் மறைந்தார்.

இன்று கணிப்பொறி இலட்சக்கணக்கான ரேகைகளை விரைந்து தேடுகிறது. எனினும், கணக்கு தேடும் எல்லையைச் சுருக்குமேயன்றித் தீர்ப்பு வழங்காது. முடிவு கூறுமுன் நடுநிலை பிறழாத மனிதக் கண் ஒப்புநோக்குதல் வேண்டும். உழைத்தவர்க்கு உரிய பெயரை வழங்குவதும் அந்நடுநிலையின் பாற்பட்டதே.