அழகப்பர் கொடுத்த 300 ஏக்கர்: உங்கள் போன் பேட்டரிக்கும் காரைக்குடிக்கும் என்ன தொடர்பு?

உங்கள் வீட்டு டிராயரை ஒருமுறை திறந்து பாருங்கள். தீர்ந்துபோன ரிமோட் பேட்டரி, உப்பிப்போன பழைய போன் பேட்டரி, சார்ஜே ஏறாத ஒரு பவர் பேங்க் என்று ஏதாவது ஒன்று கட்டாயம் கிடக்கும். தூக்கிப் போடவும் மனசு வராது, வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியாது.

இந்த டிராயரில் இருப்பதெல்லாம் மின்வேதியியல் என்ற ஒரே அறிவியல் பிரிவைச் சேர்ந்தவை. அந்தப் பிரிவுக்கென்றே இந்தியாவில் ஒரு தேசிய ஆய்வகம் இருக்கிறது. அது டெல்லியிலோ மும்பையிலோ இல்லை. சிவகங்கை மாவட்டம் காரைக்குடியில், கல்லூரிச் சாலையில் இருக்கிறது. முழுப் பெயர் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். ஊர்க்காரர்களுக்கு 'சிக்ரி'.

மாளிகைக்கும் சாப்பாட்டுக்கும் பேர்போன ஊரில் இப்படி ஓர் ஆய்வகம் எப்படி வந்தது? அதற்குக் காரணம் ஒரு மனிதர்: வள்ளல் அழகப்பர் என்று காரைக்குடி இன்றும் சொல்லும் ராம. அழகப்பச் செட்டியார்.

யார் இந்த அழகப்பர்?

1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி, காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் நகரத்தார் குடும்பத்தில் பிறந்தார். அப்பா ராமநாதன் செட்டியார், அம்மா உமையாள் ஆச்சி. காரைக்குடியில் பள்ளிப் படிப்பு, அதன் பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. அடுத்து லண்டன் போய் சட்டம் படித்து பாரிஸ்டர் ஆனார். அங்கே ஒரு வங்கியில் பயிற்சி பெற்றார். கிராய்டனில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

ஊர் திரும்பியவர் வட்டித் தொழிலில் மட்டும் நிற்கவில்லை. கேரளத்தில் திருச்சூர் பக்கம் ஜவுளி ஆலை தொடங்கினார். அந்த இடத்துக்கு இன்றும் அழகப்ப நகர் என்றுதான் பெயர். மலாயாவில் ரப்பர் தோட்டம், காப்பீடு, ஓட்டல் என்று பல தொழில்களில் இறங்கினார். 1940களில் ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையே நடத்தினார்.

அந்தக் காலத்துச் செட்டிநாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வீட்டுத் தூணுக்கு பர்மா தேக்கு, தரைக்கு இத்தாலி பளிங்கு, ஜன்னலுக்கு பெல்ஜியம் கண்ணாடி. உலகத்தின் நல்ல பொருள்கள் எல்லாம் கப்பலேறி இந்த வறண்ட சீமைக்கு வந்து சேர்ந்தன. ஆனால் 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும், அங்கே தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் பலர் கைவசம் இருந்த சொத்தை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. கடல் கடந்த செல்வம் நிலைக்காது என்பதைக் கண்ணால் பார்த்த தலைமுறை அது. அழகப்பரும் அந்தத் தலைமுறைதான்.

மாளிகையிலிருந்து கல்லூரிக்கு

அழகப்பரின் பணம் கல்வியின் பக்கம் திரும்பியது சுதந்திரத்துக்கு முன்பே. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் கொடுத்த 5 லட்ச ரூபாய் நன்கொடையில் 1944இல் கிண்டியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி உருவானது. மாணவர்கள் இன்று 'ஏ.சி. டெக்' என்று சொல்வது அதைத்தான். இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம்.

அடுத்த திருப்பம் 1947 ஜூலையில். சென்னையில் நடந்த அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் பேசினார். வசதி படைத்தவர்கள் தங்கள் ஊர்ப் பக்கம் கல்லூரிகள் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கூட்டத்தில் இருந்த அழகப்பர் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அறிவித்துவிட்டார். மேடையில் சொன்னதோடு மறந்துபோகிற கதை இல்லை இது. ஆகஸ்ட் 11ஆம் தேதி, அதாவது சுதந்திர தினத்துக்கு நான்கு நாள் முன்பு, காரைக்குடி காந்தி மாளிகையில் அழகப்பா கலைக் கல்லூரி திறந்தது. அறிவிப்புக்கும் திறப்புக்கும் நடுவில் 40 நாள்கூட இல்லை!

அதன் பிறகு அவர் நிற்கவில்லை. 1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952இல் பொறியியல் கல்லூரி என்று வரிசை நீண்டது. பிரிட்டிஷ் அரசு கொடுத்த சர் பட்டத்தை சுதந்திரத்துக்குப் பிறகு துறந்தார். தான் குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்விக்குக் கொடுத்தவர் என்று ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

300 ஏக்கரும் 15 லட்சமும்

புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடு, இயற்பியலுக்கு ஒன்று, வேதியியலுக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று எனத் தேசிய ஆய்வகங்களைத் திட்டமிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அந்த வேலையைக் கவனித்தது அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம், சுருக்கமாக சி.எஸ்.ஐ.ஆர். அதன் இயக்குநராக இருந்தவர் விஞ்ஞானி சாந்தி ஸ்வரூப் பட்நாகர். ரயிலும் பெரிய ஆலைகளும் உள்ள நகரங்களுக்குத்தான் இப்படிப்பட்ட ஆய்வகங்கள் போகும் என்று எல்லோரும் நினைப்பார்கள்.

அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தருவதாகச் சொன்னார். மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது.

1948 ஜூலை 25ஆம் தேதி பிரதமர் நேரு காரைக்குடிக்கே வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் தேதி, பொங்கலை ஒட்டி, அப்போதைய குடியரசுத் துணைத்தலைவர் ராதாகிருஷ்ணன் ஆய்வகத்தைத் திறந்துவைத்தார். மற்றவர்கள் வெளிநாட்டுப் பொருளை ஊருக்குக் கொண்டுவந்தார்கள் என்றால், இவர் அந்தப் பொருளைச் செய்யும் அறிவையே ஊருக்குக் கொண்டுவந்தார்.

சரி, மின்வேதியியல்னா என்ன?

ரொம்ப எளிமையாகச் சொன்னால், வேதிவினையிலிருந்து மின்சாரம் எடுப்பதும், மின்சாரத்தைச் செலுத்தி வேதிவினை நடத்துவதும்தான். முதலாவதுக்கு உதாரணம் பேட்டரி. இரண்டாவதுக்கு உதாரணம் கவரிங் நகை. செம்பு நகையைக் கரைசலில் மூழ்கவைத்து மின்சாரம் விட்டால் அதன் மேல் தங்கம் மெல்லிசாகப் படியும்.

உப்புத் தண்ணீரில் மின்சாரம் விட்டால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் கிடைக்கும. சோப்பு, காகிதம், துணி ஆலைகளுக்குக் காஸ்டிக் சோடா வேண்டும். குடிதண்ணீரைச் சுத்தம் செய்யவும் பிளாஸ்டிக் குழாய் செய்யவும் குளோரின் வேண்டும். அலுமினியப் பாத்திரம் வருவதும் இதே வழியில்தான்.

துருவும் இதே கதைதான். இரும்பின் மேல் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால், அந்த இரும்பே யாரும் கேட்காத ஒரு குட்டி பேட்டரியாக மாறித் தன்னைத்தானே தின்கிறது. பாம்பன் பக்கம் வீடு வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள், ஜன்னல் கம்பி எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்வார்கள்.

ஆக, காலையில் தேய்க்கிற சோப்பிலிருந்து ராத்திரி சார்ஜ் போடுகிற போன் வரை இந்த அறிவியல் இல்லாத நேரமே நம் நாளில் இல்லை.

யாரும் போடாத கணக்கு

1948இல் தொழில்நுட்பம் என்றாலே முன்னேற்றம். ஆலைப் புகை வந்தால் ஊர் வளர்கிறது என்று அர்த்தம். கழிவு எங்கே போகும் என்று இந்தியாவில் மட்டுமில்லை, உலகத்திலேயே பெரும்பாலானவர்கள் கேட்கவில்லை. அழகப்பர் காலத்து நம்பிக்கையும் அதுதான். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் கணக்கு அவர் வாழ்நாளிலேயே வெளிவரத் தொடங்கியது. 1956இல் ஜப்பானின் மினமாட்டா என்ற கடலோர ஊரில் ஒரு விசித்திர நரம்பு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்த வேதிப்பொருள் ஆலை கடலில் விட்ட கழிவில் பாதரசம் இருந்தது. அது மீனுக்குள் போய், மீனைத் தின்ற மனிதர்களுக்குள் போயிருந்தது. அந்த ஆலை செய்த பொருள் வேறு. ஆனால் அதே பாதரசத்தை உலகம் முழுக்கக் காஸ்டிக் சோடா ஆலைகளும் டன் கணக்கில் பயன்படுத்திக்கொண்டிருந்தன. மின்முனையாகவே பாதரசத்தை ஓடவிடும் முறை அது.

அடுத்த ஆண்டு, 1957 ஏப்ரல் 5ஆம் தேதி, அழகப்பர் காலமானார். மறுநாள் விடிந்திருந்தால் அவருக்கு 48 வயது.

அழகப்பர் போன பிறகு

இங்கேதான் அவர் கொடுத்த 300 ஏக்கரின் அருமை தெரிகிறது. அவர் ஒரு காஸ்டிக் சோடா ஆலையையோ பேட்டரி ஆலையையோ கட்டியிருக்கலாம். அதற்குப் பணமும் அனுபவமும் அவரிடம் இருந்தன. ஆலை கட்டியிருந்தால் அது பொருளையும் கழிவையும் சேர்த்தே கொடுத்திருக்கும், ஒரு நாள் பழசாகி மூடியிருக்கும். ஆய்வகம் அப்படியில்லை. நேற்று செய்த தப்பை இன்று திருத்துகிற வேலையையும் அதுவே செய்ய முடியும்.

சிக்ரி அப்படித்தான் செய்தது. காஸ்டிக் சோடா ஆலைகளில் தேய்ந்து தேய்ந்து கரையும் கிராஃபைட் மின்முனைக்குப் பதிலாக, டைட்டானியத்தின் மேல் பூச்சு போட்ட மின்முனையை உருவாக்கியது. அது நீண்ட நாள் உழைக்கும், மின்சாரமும் மிச்சம். பாதரச முறையை இந்திய ஆலைகள் கைவிட்டு, மெல்லிய சவ்வு வைத்த மெம்பிரேன் முறைக்கு மாறின. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்துக்கு மினமாட்டா என்றே பெயர். 2013இல் உருவான அதை இந்தியா 2018இல் உறுதி செய்தது.

துரு விஷயத்தில், கட்டடக் கம்பிகளுக்கு சிமென்ட்டும் பாலிமரும் கலந்த பூச்சை சிக்ரி உருவாக்கியது. உப்புக் காற்று மோசமாக அடிக்கும் மண்டபத்தில் அரிமானத்தைச் சோதிக்கவே தனி மையம் வைத்தது. கம்பி துருப்பிடிக்காமல் இருந்தால் கட்டடம் இன்னும் பல வருஷம் நிற்கும். புது இரும்பு, புது சிமென்ட், அதற்கான புகை எல்லாமே மிச்சம்.

2018இல் லித்தியம் அயன் செல் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்க சிக்ரி ஒப்பந்தம் போட்டது. உங்கள் போனில் இருக்கிற அதே வகை பேட்டரிதான். காரைக்குடியில் விதைத்தது டிராயர் வரை வந்துவிட்டது இல்லையா?

பேட்டரி நல்லதா, கெட்டதா?

இரண்டும்தான். மின்சார ஸ்கூட்டர் தெருவில் புகை விடாது. வெயில் இல்லாத நேரத்திலும் சோலார் மின்சாரத்தைச் சேமித்துத் தருவது பேட்டரிதான். அதே சமயம், பல லித்தியம் பேட்டரிகளில் இருக்கும் கோபால்ட்டின் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் காங்கோவில் தோண்டப்படுகிறது. அங்கே சிறுவர்களும் சுரங்க வேலை பார்ப்பது உலகம் அறிந்த சோகம்.

இன்வெர்ட்டரிலும் காரிலும் இருப்பது வேறு வகை, ஈய பேட்டரி. அதை மறுசுழற்சி செய்யலாம், நல்ல விலையும் போகும். பிரச்சினை, எங்கே எப்படி உருக்குகிறார்கள் என்பதில். கொல்லைப்புறத்தில் உடைத்து உருக்கினால் ஈயத் தூசி மண்ணில் படியும், அதில் விளையாடும் குழந்தையின் ரத்தத்துக்குப் போகும், மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, அதாவது சுமார் 80 கோடிக் குழந்தைகளுக்கு, ரத்தத்தில் ஈயம் கவலைப்படும் அளவில் இருப்பதாக 2020இல் யுனிசெஃப் அறிக்கை சொன்னது. அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்றாக முறையற்ற பேட்டரி மறுசுழற்சியைக் குறிப்பிட்டது.

நாம் என்ன செய்யலாம்?

இந்தியாவில் 2022இல் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. பேட்டரி தயாரிக்கும், இறக்குமதி செய்யும் நிறுவனங்களே பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்ய ஏற்பாடு செய்ய வேண்டும். குப்பை மேட்டில் கொட்டவோ எரிக்கவோ கூடாது. நமக்கும் ஒரு கடமை உண்டு: பேட்டரியை மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும்.

நடைமுறையில் இவ்வளவுதான்:

இன்வெர்ட்டர் அல்லது வண்டி பேட்டரி மாற்றும்போது பழையதை அதே கடையில் கொடுத்துவிடுங்கள், விலையிலும் கழித்துக்கொள்வார்கள். உப்பிப்போன போன் பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும். அதை வீட்டில் வைத்திருக்காமல் இ-வேஸ்ட் சேகரிப்பு மையத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுங்கள். அதுவரை எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாதபடி தனியாக வையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், ஓடுகிற போனை இன்னும் ஒரு வருஷம் ஓட்டுங்கள்.

காரைக்குடி கல்லூரிச் சாலையில் அழகப்பர் கொடுத்த நிலத்தில் இன்று மாணவர்கள் பேட்டரியைப் பற்றிப் படிக்கிறார்கள். அவர்கள் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அவர் போய்விட்டார். தான் பார்க்கப் போகாதவர்களுக்காக அவர் விட்டுச் சென்றது ஓர் ஆய்வகம். நாம் பார்க்கப் போகாதவர்களுக்கு இப்போதைக்கு அந்த டிராயரைத்தான் விட்டுச் செல்கிறோம். இந்த ஞாயிற்றுக்கிழமை அதையாவது காலி செய்துவிடலாம்.