20 நைரா நோட்டில் குயவர் பெண்! யார் இந்த லாடி குவாலி?

நைஜீரியாவின் 20 நைரா நோட்டைத் திருப்பிப் பார்த்தால், பானைகளோடு ஒரு பெண் இருப்பார். அரசியல்வாதியோ ராணியோ இல்லை. பானை செய்தவர். பெயர் லாடி குவாலி. நைரா நோட்டில் இடம்பிடித்த முதல் பெண் ஆளுமை இவர்தான்.

சக்கரமே கிடையாது!

1925 வாக்கில், குவாலி என்ற கிராமத்தில் பிறந்தார் லாடி. அங்கே பானை செய்வது பெண்களின் வேலை. லாடிக்குக் கற்றுக்கொடுத்தவர் அவரது அத்தை.

குயவர் சக்கரம் கிடையாது. களிமண்ணைக் கயிறுபோல உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வளையம் வைத்து எழுப்புவார்கள். இங்கே பானை சுற்றாது, செய்பவர்தான் பானையைச் சுற்றி வருவார். ஈரம் காய்வதற்குள் தேள், பல்லி, பாம்பு, முதலை என உருவங்களைக் கீறுவார் லாடி. பிறகு திறந்தவெளியில் தீமூட்டிச் சுடுவார்கள்.

திருப்புமுனை எது?

அப்போது நைஜீரியா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அபுஜா அமீரின் அரண்மனையில் லாடியின் பானைகளைப் பார்த்து அசந்துபோனார் மைக்கேல் கார்டியூ என்ற ஆங்கிலேயக் குயவர். இவர் 1952-ல் அபுஜாவில் மண்பாண்டப் பயிற்சி மையம் தொடங்கினார். (அந்த ஊர் இன்றைய தலைநகர் இல்லை. அதன் இப்போதைய பெயர் சுலேஜா.) 1954-ல் அங்கே சேர்ந்தார் லாடி. அந்த மையத்தின் முதல் பெண் பயிற்சியாளர் அவர்தான்.

சக்கரம், மெருகுப்பூச்சு, உயர்வெப்பச் சூளை என எல்லாவற்றையும் கற்றார். ஆனாலும் பெரிய பானைகளுக்கு மட்டும் கையை விடவில்லை. ஊர் வடிவம், ஊர் கோலம், மேலே புது மெருகு. அதுதான் லாடி ஸ்டைல்.

லண்டன் வரை போன பானை

1958 முதல் லண்டன் கண்காட்சிகளில் இந்தப் பானைகள் இடம்பெற்றன. 1972-ல் கார்டியூவுடன் அமெரிக்கா சென்று, மக்கள் முன்னாலேயே பானை செய்து காட்டினார். பிரிட்டனின் எம்.பி.இ. விருதும் கிடைத்தது. 1977-ல் அகமது பெல்லோ பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. 1980-ல் நைஜீரிய தேசிய தகுதி விருது.

ஆனால் இதில் ஒரு இழப்பும் உண்டு. சாதாரண மண்பானையில் நீர் கசிந்து ஆவியாகும். அதனால்தான் உள்ளே தண்ணீர் ஜில்லென்று இருக்கும். மெருகு பூசி உயர்வெப்பத்தில் சுட்டால் கசிவு நின்றுவிடும். தண்ணீர் குளிராது. குடிநீருக்கான பானை, ஷோகேஸ் பொருளானது. பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலைக்கு உலகம் ‘கலை’ என்று பெயர் வைத்தது இப்படித்தான்.

1984 ஆகஸ்ட் 12-ல் லாடி காலமானார். அந்தப் பயிற்சி மையத்துக்குப் பின்னாளில் அவர் பெயரே சூட்டப்பட்டது. அவர் இறந்து 23 ஆண்டுகள் கழித்து, 2007-ல் வந்தது அந்த 20 நைரா நோட்டு. லண்டன் மியூசியத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் லாடியின் பானையை எல்லோராலும் பார்க்க முடியாது. ஆனால் நைஜீரியாவின் சந்தைகளில் அவர் தினமும் கைமாறிக்கொண்டே இருக்கிறார்.