சத்தியேந்திர நாத் போஸ் (1894–1974)

தமிழில் விஞ்ஞானம் கற்று உயர முடியுமா என்ற சந்தேகம் உங்களில் பலருக்கு உண்டு. அதற்கு விடை தரும் ஒருவரின் வாழ்க்கையை இங்கு படியுங்கள்.

போஸ் 1894 சனவரி 1ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் புகையிரதக் கம்பனியில் பணியாற்றியவர். போஸ் 1915இல் கணித முதுமாணிப் பரீட்சையில் முதலிடம் பெற்றார். மறு ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார்.

அக்காலத்தில் புதிய பௌதிகவியல் கட்டுரைகள் பல ஜேர்மன் மொழியில் இருந்தன. போஸும் அவரது சகபாடி மேகநாத சாகாவும் அம்மொழியைக் கற்றனர். ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சாகாவும், 1916ஆம் ஆண்டுக் கட்டுரையைப் போஸும் ஆங்கிலத்தில் பெயர்த்தனர். 1920இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவற்றை நூலாக வெளியிட்டது.

1905ஆம் ஆண்டுக் கட்டுரையில் நீளக் குறுக்கம் விளக்கப்பட்டுள்ளது. எத்தாளைக் கடலில் 10 மீற்றர் நீளமான படகொன்று, ஒளியின் வேகத்தில் 60% வேகத்துடன் செல்வதாகக் கற்பனை செய்யுங்கள். கரையிலிருந்து அளப்பவருக்கு அதன் நீளம் 8 மீற்றராகும். படகில் இருப்பவருக்கோ அது 10 மீற்றரே. செல்லும் திசையில் மட்டுமே குறுக்கம் ஏற்படும். அகலமும் உயரமும் மாறா. ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் செல்கிறது. நமது படகுகளின் வேகம் அதனுடன் ஒப்பிட மிகச் சிறிது. ஆகவே இக்குறுக்கம் நமக்குப் புலப்படுவதில்லை.

1921இல் போஸ் டாக்காப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1924இல் ஒளித்துணிக்கைகள் பற்றிய தமது கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். இம்முறை ஐன்ஸ்டைனே அதனை ஜேர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். ஒருவகைத் துணிக்கைகள் இன்று போஸின் பெயரால் போசோன்கள் எனப்படுகின்றன.

புகழ் பெற்ற பின்னரும் அவர் தாய்மொழியை மறக்கவில்லை. 1948இல் வங்காள மொழியில் விஞ்ஞானத்தைப் பரப்பச் சங்கம் ஒன்றை நிறுவினார். 1958இல் இலண்டன் றோயல் சங்கத்தின் அங்கத்தவரானார். 1974 பெப்ரவரி 4ஆம் திகதி காலமானார்.

மாணவர்களே, போஸ் பிறமொழிகளைக் கற்றார்; கற்றதைத் தம் மக்களின் மொழியில் கொடுத்தார். நீங்களும் தமிழில் தெளிவாக விளங்கிக் கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

சிந்திக்க: மேற்கூறிய படகு ஒளியின் வேகத்தில் 80% வேகத்துடன் சென்றால், கரையிலிருந்து அளக்கும் நீளம் யாது? (விடை: 6 மீற்றர்)