பாலர் பள்ளியின் தாய் மரியா மாண்டிசோரி அம்மையார்

பாலர் வகுப்பில் மரக்கட்டைகளை அடுக்கியும், சொரசொரப்பான எழுத்துகளை விரலால் தடவியும் மகிழும் மழலைகளை நாம் கண்டிருக்கிறோம். அந்த விளையாட்டுக் கல்வி முதலில் யாருக்காகத் தோன்றியது தெரியுமா? பள்ளிக்கே தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்காக! அந்த வரலாறே மரியா மாண்டிசோரி அம்மையாரின் வாழ்க்கை வரலாறு.

அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வதைச் சமுதாயம் விரும்பாத காலம் அது. ஆண்களுடன் சேர்ந்து பிணங்களை அறுத்துப் பயில்வது பெண்ணுக்குத் தகாது என்று கூறி, எல்லாரும் சென்ற பிறகு தனியே பயிலச் செய்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. 1896இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பின்னர் மனநோயாளர் விடுதிகளுக்குச் சென்று வந்தபோது, மனவளர்ச்சி குன்றிய சிறுவர்களும் அங்கே அடைபட்டுக் கிடப்பதைக் கண்டார். தொட்டுப் பார்க்கக்கூட அவர்களுக்கு ஒரு பொருள் இல்லை. உணவு முடிந்ததும் தரையில் சிதறிய ரொட்டித் துணுக்குகளைத் தேடி எடுத்தார்கள். பிறர் அதனைப் பேராசை என்று வெறுத்தனர். அம்மையாரோ, அது வேலை தேடும் விரல்களின் ஏக்கம் என்று உணர்ந்தார். மருந்தைவிடக் கல்வியே இவர்களுக்குத் தேவை என்று முடிவு செய்தார். இட்டார், செகேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைத் தம் கைப்படவே இத்தாலிய மொழியில் எழுதிக் கற்றார்.

1900இல் இத்தகைய குழந்தைகளுக்காக உரோமையில் தொடங்கிய பள்ளிக்கு இயக்குநர்களுள் ஒருவரானார். ஒரு சிறுமிக்கு ஊசி நூல் பிடித்துத் தைக்க வரவில்லை. அம்மையார் அவளைக் கடிந்துகொள்ளாமல், முதலில் காகிதப் பட்டைகளை மேலும் கீழுமாகக் கோத்துப் பாய் பின்னச் செய்தார். அதில் கை பழகிய பின் தையலும் எளிதாக வந்தது. அடுத்த படியில் ஏறுமுன் அதற்குரிய அசைவைக் கைக்குப் பழக்கிவிட வேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை. இவ்வாறு பயின்றவர்களுள் சிலர், மற்றப் பள்ளிப் பிள்ளைகளோடு அரசுத் தேர்வெழுதித் தேறினார்கள்! எல்லாரும் வியந்தபோது அம்மையார் மட்டும், நலமுள்ள குழந்தைகளைத் தடுத்து நிறுத்துவது எது என்று சிந்தித்தார்.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, உரோமையின் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடம் கற்ற பாடத்தை அம்மையார் இங்கே மற்றக் குழந்தைகளுக்கு வழங்கினார். பொத்தான் போடும் சட்டம், துளையில் பொருந்தும் உருளைகள், தடவிப் பயிலும் எழுத்துகள் ஆகியவை உலகெங்கும் பரவின.

நம் தமிழ்நாட்டிற்கும் அவர் வந்தார். 1939இல் சென்னை அடையாற்றில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் ஐரோப்பாவுக்குத் திரும்ப இயலாமல் கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் ஹாலந்து நாட்டில் இறைவனடி சேர்ந்தார்.

அன்புத் தோழியரே! பாலர் பள்ளிகளுக்கு வழி காட்டியவர்கள் அந்த ஒதுக்கப்பட்ட குழந்தைகளே. ஆயினும் இன்றும், பயிற்சி நிலையத்தில் நடை பழகி, பேச்சுப் பழகி, மூன்று வயதில் பாலர் பள்ளி வாசலுக்கு வரும் குழந்தை, இங்கே இடமில்லை என்னும் சொல்லைக் கேட்க நேரிடுகிறது. அதுவரை பட்ட பாடெல்லாம் அந்த ஒரு சொல்லில் வீணாகலாமா? குழந்தை சேருமுன்பே புதிய வகுப்பைச் சில நாள் வந்து பார்க்கட்டும். பழகிய விளையாட்டுப் பொருள் ஒன்று உடன் வரட்டும். அதன் சைகைகளின் பொருளைத் தாயும் பழைய ஆசிரியையும் புதிய ஆசிரியைக்குச் சொல்லித் தரட்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பள்ளிகளின் கதவைத் திறக்கச் சொல்கிறது. பக்கத்தில் இடம் விட்டு அமரவேண்டியவர்கள் நாமே. பாய் பின்னிப் பழகிய அச்சிறுமியின் கையை நினைவில் கொள்வோம்; வரும் குழந்தையின் கையைப் பற்றி அழைத்துச் செல்வோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி