பல்லாண்டு பாடிய தந்தை

விருதுநகரிலிருந்து திருத்தங்கல், சிவகாசி வழியாகத் திருவில்லிபுத்தூருக்குச் செல்லும் சாலை வறண்ட காட்டின் ஊடே போகிறது. மழை குறைவு, வெயில் மிகுதி. பயிருக்குப் பகையான அந்த வறட்சியே தீக்குச்சிக்கும் வெடிக்கும் துணையாயிற்று. 1922ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பின்னர், கந்தகம் இம்மண்ணின் மணமாயிற்று. ஆனால் மேற்குமலை அணுகி, வடபெருங்கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் தெரியத் தொடங்கும் இடத்தில் மணம் மாறுகிறது. அங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு தோட்டக்காரர் துளசியும் பூவும் வளர்த்தார். அவர் பெயர் விட்டுசித்தர். உலகம் அறிந்த பெயர் பெரியாழ்வார்.

வேயர் குலத்தில் ஆனி மாதச் சுவாதியில் முகுந்தருக்கும் பதுமையாருக்கும் மகனாகத் தோன்றியவர் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். அவர் காலத்தை எட்டாம் நூற்றாண்டு என்பாரும் ஒன்பதாம் நூற்றாண்டு என்பாரும் உளர். நூல்களைக் கற்று வாதம் புரிவதை விட, கம்சன் ஊரில் கண்ணன் மாலை கேட்டு அணிந்த கதையே அவரைக் கவர்ந்ததாம். ஆகவே நந்தவனம் அமைத்தார். பூப்பறித்து மாலை கட்டி வடபத்திரசாயிக்குச் சூட்டினார். வாழ்க்கை அவ்வளவில் முடிந்திருந்தால், நல்ல தோட்டக்காரர் ஒருவரை ஊர் மறந்திருக்கும்.

அவரைத் தோட்டத்திலிருந்து வெளியே இழுத்தது முதுமையைப் பற்றிய ஒரு பேச்சு. மதுரையில் வல்லபதேவன் என்னும் பாண்டியன் இரவில் நகர்சோதனை சென்றபோது, திண்ணையில் படுத்திருந்த வழிப்போக்கர் ஒருவரைக் கண்டு, நல்வார்த்தை ஏதேனும் கூறுமாறு கேட்டான். மழைக்கால நான்கு திங்களுக்கு வேண்டியதை மற்ற எட்டுத் திங்களில் தேட வேண்டும். இரவுக்கு வேண்டியதைப் பகலிலும், முதுமைக்கு வேண்டியதை இளமையிலும், மறுமைக்கு வேண்டியதை இம்மையிலும் தேடிக்கொள்ள வேண்டும் என்று அவர் கூறினார். முதல் மூன்றுக்கும் அரசனிடம் களஞ்சியம் இருந்தது. நான்காவதற்கு இல்லை. செல்வநம்பி என்னும் அமைச்சரின் யோசனைப்படி பொற்கிழி ஒன்றைக் கம்பத்தில் கட்டி, பரம்பொருளை நிலைநாட்டுவோர்க்கு அதுவே பரிசு என்று பறையறைவித்தான்.

பண்டிதர்கள் திரண்ட அந்த அவைக்குப் பூக்கூடை சுமந்த கையர் வந்தார், வென்றார். கம்பம் தானே வளைந்து கிழி அவர் கையில் விழுந்தது என்பது மரபு. அரசன் அவரை யானைமீது ஏற்றி ஊர்வலம் விட்டான். அந்தக் காட்சியைக் காணத் திருமாலே கருடன்மீது வானில் வந்து நின்றார் என்று கதை மேலும் தொடர்கிறது. இங்கேதான் விட்டுசித்தர் மற்ற அடியார்களிடமிருந்து வேறுபடுகிறார். கடவுளைக் கண்டவர்கள் வரம் கேட்பார்கள், மயங்கி விழுவார்கள். இவரோ பதறினார். இத்தனை அழகை இத்தனை பேர் பார்க்கும்படி வெளியே வந்து நிற்கலாமா, கண்பட்டுவிடாதா என்று கவலைப்பட்டார். யானையின் கழுத்து மணிகளையே தாளமாகக் கொண்டு, என்றும் அழியாதவனை நீடூழி வாழ்க என்று வாழ்த்தினார். பன்னிரண்டு பாசுரங்கள் கொண்ட திருப்பல்லாண்டு இவ்வாறு பிறந்தது.

நூறாண்டு வாழ்வதும் அரிதான ஒரு மனிதர், காலத்தையே படைத்தவனுக்கு ஆயுள் வேண்டுகிறார். தர்க்கப்படி இது நகைப்புக்குரியது. உரையாசிரியர்களும் அதை மறைக்கவில்லை. அன்பு மிகுந்த இடத்தில் காப்பவன் யார், காக்கப்படுபவன் யார் என்னும் அறிவு தடுமாறிவிடும் என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆறடி வளர்ந்த மகன் வெளியூர் புறப்படும்போது, பார்த்துப் போ என்று சொல்லும் நாலடித் தாயின் தடுமாற்றமே அது. மற்றவர்கள் ஆழ்வார்களாக இருக்க, இவர் மட்டும் பெரியாழ்வார் ஆனது இந்தத் தடுமாற்றத்தால்தான்.

அதன்பின் அவர் பாடிய திருமொழி 461 பாசுரங்களைக் கொண்டது. அதன் முற்பகுதியில் வளரும் குழந்தையின் பருவங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி, தளர்நடை என்று அமைந்த அந்த வரிசை, பிற்காலத்துப் பிள்ளைத்தமிழுக்கு வித்து எனப் புலவர்கள் போற்றுவர். ஆயினும் இலக்கணம் பிள்ளைத்தமிழில் வகுத்த பருவங்களை விட, ஆழ்வார் கண்ட வீடு பெரியது. குழந்தை பிறந்த வீட்டில் எண்ணெயும் சுண்ணமும் தூவித் தூவி முற்றம் சேறாகிறது. ஓடுவாரும் விழுவாரும் ஆரவாரிப்பாரும் ஆகிறார்கள். காது குத்த அழைத்தால் பிள்ளை ஓடுகிறான். பழம் காட்டி ஏமாற்ற வேண்டியிருக்கிறது. நீராட அழைத்தாலும் வருவதில்லை. கன்றின் காதில் கட்டெறும்பைப் பிடித்து விடுவதில் முனைந்திருக்கிறான். தலைவார, காக்கையைத் துணைக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

பிறகு அண்டை வீட்டாரின் முறையீடுகள் தொடங்குகின்றன. வெண்ணெயை விழுங்கியதோடு அமையாமல், வெறுங்கலத்தைக் கல்லில் எறிந்து உடைத்து அந்த ஓசையைக் கேட்டு மகிழ்கிறானாம். காரணமில்லாத ஓசையில் பிள்ளைகளுக்கு உள்ள இன்பம் வெடி பிறந்த ஊருக்குப் புதிதன்று. ஆழ்வார் அதைத் திரி கிள்ளும் காலத்துக்கு முன்பே அறிந்திருந்தார். இன்னொருத்தி, தன் மகளின் கைவளையைக் கழற்றிக்கொண்டு போய் நாவற்பழக்காரியிடம் கொடுத்துப் பழம் வாங்கித் தின்றுவிட்டு, நானில்லை என்று சிரிக்கிறான் என வழக்குரைக்கிறாள். வழக்கில் தீர்ப்பு இல்லை. தாய் மகனைக் கண்டிக்கத்தான் அழைக்கிறாள். அழைக்கும் குரலில் கண்டிப்பு எங்கோ தொலைந்துபோகிறது.

கன்று மேய்க்க அனுப்பிவிட்டு, குடையும் செருப்பும் கொடுக்கவில்லையே என்று அவள் நொந்துகொள்வதும் உண்டு. பிள்ளை திரும்பி வரும்போது, நீராடி உண்ண வா என்று கெஞ்சுகிறாள். உன்னோடு உண்பதற்காக அப்பனும் இன்னும் உண்ணவில்லை என்று ஒரு சொல்லையும் சேர்க்கிறாள். தாயின் குரலே நிறைந்த அந்தப் பாடல்களில், தந்தை இவ்வாறு வாய் திறவாமல் பசியோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார். விட்டுசித்தரைத் தேடுவோர் அந்த மூலையில் தேடலாம்.

ஊரார் பிள்ளையை இவ்வளவு வளர்த்தவருக்கு ஒரு மகள் கிடைத்தாள். ஆடிப் பூரத்தில் துளசிச் செடியின் அடியில் கண்டெடுத்த குழந்தைக்குக் கோதை என்று பெயரிட்டார். கடவுளுக்குத் தாயாகத் தந்தை நடித்துக்கொண்டிருந்த வீட்டில், மகள் அதே கடவுளுக்கு மணமகளாகத் தன்னை எண்ணி வளர்ந்தாள். அவர் கட்டிய மாலையை முதலில் தான் சூடிக் கண்ணாடியில் அழகு பார்த்தாள். கண்டபோது அவர் சினந்தார், புதுமாலை கட்டினார். ஆனால் மாலைக்கு உரியவனோ, அவள் சூடியதே வேண்டும் என்று கனவில் கேட்டானாம். கண்பட்டுவிடுமோ என்று அவர் காத்து வளர்த்த பிள்ளை, கடைசியில் அவர் பக்கம் நிற்கவில்லை. பிள்ளைகள் பெரும்பாலும் நிற்பதில்லை.

திருப்பாவை முப்பதும் நாச்சியார் திருமொழி நூற்று நாற்பத்து மூன்றும் பாடிய அந்த மகள், திருவரங்கம் சென்று அரங்கனோடு கலந்தாள் என்பது வரலாறு. பெரியாழ்வார் திருமொழியின் மூன்றாம் பத்தில் இரண்டு பதிகங்கள் உள்ளன. ஒன்றில் தாய் தன் மகளைப் பற்றி வியக்கிறாள்: மணலில் விளையாடி மேனியெல்லாம் புழுதி, ஆடையை ஒழுங்காக உடுக்கவும் தெரியவில்லை, இவளுக்குள் காதல் எந்த வழியாக நுழைந்தது? அடுத்ததில் மகள் வீட்டில் இல்லை. ஒரே மகளை உலகம் புகழ வளர்த்தேன், அவன் கொண்டுபோய்விட்டான் என்று தாய் கலங்குகிறாள். அசோதை தன் மருமகளைக் கண்டு மகிழ்ந்து, மணப்பெண்ணுக்குரிய சீரெல்லாம் முறையாகச் செய்வாளா என்று ஐயுறுகிறாள். இதில் ஆண்டாளைப் பிரிந்த தந்தையின் குரலையும் கேட்டவர்கள் பலர். அசோதையாக அத்தனை பாசுரம் பாடியவர், இப்போது அசோதையின் சம்பந்தியாகி, அவள் என் பெண்ணை நன்றாக வைத்துக்கொள்வாளா என்று கேட்கிறார். சிரிக்கத் தொடங்கிய வாசகர் பாதியில் நிறுத்திவிடும் இடம் இது.

நான்காம் பத்தில் அவர் பார்வை ஊரார்மீது திரும்புகிறது. காசுக்கும் கரைபோட்ட துணிக்கும் தலையெண்ணெய்க்கும் ஆசைப்பட்டுக் குழந்தைக்குப் பெயரிடுவோரை எள்ளுகிறார். அடுத்தவர் தரும் வரிசையில் கண்வைத்துப் பெயர் தேடும் வழக்கம் அவர் காலத்திலேயே இருந்தது. சாவுக்கட்டிலையும் அவர் விடவில்லை. கிடப்பவனுக்கோ வாய் திறக்க முடியவில்லை; புண்ணில் ஈ மொய்க்கிறது. சுற்றத்தார் சூழ்ந்து நின்று, பொருள் எங்கேனும் வைத்திருந்தால் சொல் என்று வற்புறுத்துகிறார்கள். தொட்டிலைச் சுற்றி நின்றதும் அதே கூட்டம்தான். வந்த காரியமும் ஏறத்தாழ அதேதான். அவ்விரண்டுக்கும் இடையில் உண்மையான அன்பு எங்கே இருந்தது என்பதே ஆழ்வாரின் கேள்வி.

தமக்கும் அந்த நாள் வரும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே அரங்கனிடம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்: உடல் தளர்ந்து நினைவு தடுமாறும் நேரத்தில் உன்னை நினைக்க இயலாமல் போகும், அந்த வேளைக்கும் சேர்த்து இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். திண்ணையில் கிடந்த வழிப்போக்கர் பாண்டியனுக்குச் சொன்ன நான்காவது சேமிப்பை, பொற்கிழி பெற்றவர் இவ்வாறு செய்து முடித்தார். தாம் மறந்தாலும், கேட்டவன் மறக்க மாட்டான் என்பது அவர் நம்பிக்கை. பிள்ளையை வளர்த்தவர் பிள்ளையிடம் வைக்கும் நம்பிக்கை அது.

இறுதி நாள்களை அழகர்மலைச் சாரலில் கழித்தார் என்பர். அவர் திருவரசு அழகர்கோயிலில் உள்ளது. பெரியவாச்சான் பிள்ளை அவர் திருமொழிக்கு எழுதிய உரையில் பெரும்பகுதி செல்லரித்துப் போயிற்று. பின்வந்த மணவாள மாமுனிகள் இழந்த பகுதிக்கு மட்டும் உரை எழுதி, முன்னவர் சொல் எஞ்சிய இடத்தில் நிறுத்திக்கொண்டார். காதலைப் பற்றிய நூலைக் கரையானிடமிருந்து மீட்டதிலும் அடக்கமான ஒரு காதல் இருந்தது. வைணவக் கோயில்களில் திவ்வியப் பிரபந்தம் ஓதுவோர் திருப்பல்லாண்டிலேயே தொடங்குகின்றனர். அழியாதவனுக்கு ஆயுள் வேண்டும் அந்தப் பதற்றம் இன்னும் தணியவில்லை.

திருவில்லிபுத்தூரில் ஆடிப் பூரத்தன்று ஆண்டாளின் தேர் ஓடுகிறது. சிவகாசியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் இராசபாளையத்திலிருந்தும் மக்கள் வடம் பிடிக்க வருகிறார்கள். பங்குனி உத்திரத்தில் அவளுக்குத் திருமணம். மகளை ஒருமுறை மணமுடித்துக் கொடுத்துவிட்டு வெறும் வீட்டுக்குத் திரும்பிய தந்தையர் இவ்வூர்களில் எண்ணற்றோர். ஆண்டுதோறும் கொடுத்து, ஆண்டுதோறும் திரும்புகிறவர் பெரியாழ்வார்.