சாம் குக்: புகழும் மானமும்

தேவாலயத்தில் வளர்ந்து மேடையை வென்றது அமெரிக்கப் பாடகர் சாம் குக்கின் குரல். மிசிசிப்பி மாநிலத்தில் 1931-இல் கறுப்பினப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், சிகாகோவில் வளர்ந்தார். 'சோல் ஸ்டிரர்ஸ்' குழுவில் பக்திப் பாடல்கள் பாடிப் புகழ் பெற்றார். 1957-இல் காதற்பாடலுக்கு மாறியபோது பழைய இரசிகர் பலர் முகம் சுளித்தனர். ஆயினும் 'யூ செண்ட் மீ' நாட்டிலேயே முதலிடம் பெற்றது. பக்தியின் உருக்கத்தை உலகியல் பாட்டில் ஏற்றிச் 'சோல்' இசைக்கு வழிகோலியவர்களுள் அவர் முதன்மையானவர்.

புகழ் வந்தது, மதிப்பு வந்ததா? 1963 அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகர விடுதியொன்று, நிறம் கண்டு அவருக்கு இடம் மறுத்தது. தட்டிக் கேட்டவரைக் காவலர் கைது செய்தனர். அந்த வேதனையும் கலந்து பிறந்ததே 'எ சேஞ்ச் இஸ் கானா கம்' என்னும் பாடல். 1964 டிசம்பர் 11-இல் லாஸ் ஏஞ்சலிசில் சுடப்பட்டு, 33 வயதில் மறைந்தார். சில நாட்களில் தனி இசைத்தட்டாக வெளிவந்த அப்பாடல், கறுப்பின மக்களின் சமவுரிமைப் போராட்ட கீதமாயிற்று. விடுதி அடைத்த கதவை மக்கள் நெஞ்சம் திறந்தது.