பாராமகாலில் பயின்ற ஆளுநர்

சேலம், நாமக்கல் சமவெளியில் நிலம் வைத்திருப்போருக்குப் பட்டாவே பெரும் பாதுகாப்பு. இடையில் ஜமீன்தார் இன்றி, உழவரிடம் அரசே நேரடியாக வரி பெறும் ரயத்துவாரி முறை தமிழகத்தில் வேரூன்றியதில் சர் தாமஸ் மன்றோவுக்குப் பெரும் பங்குண்டு.

1761-இல் கிளாஸ்கோ நகர வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் மன்றோ. அமெரிக்க விடுதலைப் போரால் தந்தையின் வணிகம் நொடித்தது. 1780-இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னை வந்த அவர், ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோருக்கு எதிரான போர்களில் பங்கேற்றார்.

1792-இல் திப்புவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பாராமகாலும் சேலமும் கம்பெனி வசமாயின. இன்றைய நாமக்கல் பகுதியும் அதில் அடங்கும். ஆட்சியராக வந்த அலெக்சாண்டர் ரீடும் ஒரு படை அதிகாரியே. அவருடைய உதவியாளராக 1799 வரை மன்றோ பணியாற்றினார். வயல் வயலாக அளந்து, மண்ணின் தரம் கண்டு, வரி விதிக்கும் பாடத்தை அவர் கற்றது இங்கேதான்.

அவர் சென்றபின் காட்சி மாறியது. 1802-ஆம் ஆண்டின் நிரந்தரத் தீர்வைச் சட்டத்தையொட்டி, சேலம் மாவட்ட நிலங்கள் மிட்டாக்களாகப் பிரித்து விற்கப்பட்டன. வரி கட்ட இயலாமல் மிட்டாதாரர் பலர் வீழ்ந்தனர். உழவரை அறியாத ஏற்பாடு நிலைக்கவில்லை.

கடப்பை, பெல்லாரிப் பகுதிகளை நிர்வகித்த மன்றோ, 1807-இல் நிலவரியை 25 விழுக்காடு குறைக்கப் பரிந்துரைத்தார். வருவாய் இழப்புக்கு அஞ்சிய மேலிடம் அப்போது அதை ஏற்கவில்லை. 1820-இல் சென்னை மாகாண ஆளுநரான பின்னரே அவரால் வரிச்சுமையைத் தணிக்க முடிந்தது. ரயத்துவாரியும் மாகாணத்தின் பொது முறையாயிற்று. 1827 ஜூலை 6 அன்று, சுற்றுப்பயணத்தின்போது பத்திகொண்டாவில் காலராவுக்குப் பலியானார்.

மன்றோவை உழவர்களின் காவலராக மட்டும் போற்றுவது பொருளியல் பயின்ற எனக்கு ஏற்புடையதன்று. அவர் கம்பெனியின் வருவாயைப் பெருக்க வந்த அதிகாரி. ஆயினும், தாங்க முடியாத வரியின்கீழ் நில உரிமைக்கு மதிப்பில்லை என்பதைத் தம் மேலிடத்திடமே எடுத்துரைத்தவர்.

அவர் வளர்த்த முறையின் குறையையும் சொல்ல வேண்டும். பட்டாவில் பெயருள்ளவரை மட்டுமே அது கண்டது; குத்தகைக்கு உழுதவரையும் பண்ணையாளையும் காணவில்லை. எஞ்சிய ஜமீன்கள் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ரயத்துவாரிக்கு மாறியபோதும் அக்குறை தீரவில்லை. வறட்சி நிவாரணமோ பயிர்க்கடனோ, பட்டா இல்லாமல் உழுபவருக்கு இன்றும் எளிதில் எட்டுவதில்லை. உழுபவரை நேரில் அறியும் ஆட்சியே மன்றோவின் கொள்கை என்றால், அதை நிறைவு செய்யும் கடமை நம் அரசுக்கே உரியது.